53, 20, 26: கறுப்பின மாணவர்களின் வாசிப்பும் கைவிடப்பட்ட ஓர் அளவுகோலும்

1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் பதினேழு வயது மாணவர்களின் வாசிப்புத் திறன் நாடு தழுவிய அளவில் முதன்முறையாக அளக்கப்பட்டது. வெள்ளையின மாணவர்களின் சராசரி மதிப்பெண் 291. கறுப்பின மாணவர்களுடையது 239. பின்னங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி 53 புள்ளிகள். 1988இல் அதே தேர்வு அதே வயதினருக்கு நடத்தப்பட்டபோது இடைவெளி 20 புள்ளிகளாகச் சுருங்கியிருந்தது. 2012இல் அது 26.

அதற்குப் பிந்தைய எண் இல்லை. 2020இல் நடந்திருக்க வேண்டிய பதினேழு வயதினருக்கான தேர்வு, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டதால் கைவிடப்பட்டது. 2025இல் நடந்திருக்க வேண்டிய தேர்வை அந்த ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்கக் கல்வித் துறையே ரத்து செய்தது. அடுத்த மாதம் அத்துறையின் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குறைக்கப்பட்டனர். இத்தேர்வுகளை நடத்தும் கல்விப் புள்ளிவிவரங்களுக்கான தேசிய மையத்தில், சுமார் நூறு பேர் இருந்த இடத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே எஞ்சினர். ஆட்குறைப்பைத் தொடர அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அனுமதியளித்தது.

இது தொலைதூர நாடொன்றின் நிர்வாகச் செய்தி அன்று. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் எவ்வளவு படிக்கிறார்கள் என்பதை அளப்பதும், அந்த அளவை வெளியிடுவதும், அதை முன்வைத்து அரசிடம் கணக்குக் கேட்பதும் ஓர் அரசியல் போராட்டம். அப்போராட்டத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஈட்டியது எது, இழந்தது எது என்பதை அறிவது நமக்கும் தேவை.

எழுத்தைத் தடைசெய்த சட்டம்

மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுமுன் அதன் பின்னுள்ள சட்டத்தைப் பேச வேண்டும். அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740இல் குற்றமாக்கியது. அடிமைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பதை வட கரோலினா 1830இல் தடைசெய்தது. சுதந்திரம் பெற்ற கறுப்பினத்தவர்கூட எழுத்தறிவு பெறுவதற்காக ஓரிடத்தில் கூடுவதை வர்ஜீனியா 1831இல் சட்டவிரோதமாக்கியது. வாசிக்கத் தெரிந்த அடிமை உத்தரவுகளையும் செய்தித்தாளையும் படிப்பார், தப்பிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டைத் தாமே எழுதிக்கொள்வார் என்ற அச்சமே அச்சட்டங்களின் ஊற்று.

எழுத்தை மறுப்பதன் பொருள் என்ன என்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட தமது 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்திருந்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். இரு மக்களின் வரலாற்றையும் ஒன்றோடொன்று வைத்துப் படிக்கும் மரபு நம் முன்னோடிகள் தொடங்கியது.

அளவுகோல் எப்படி வேலை செய்கிறது

கல்வி முன்னேற்றத்துக்கான தேசிய மதிப்பீடு 1969இல் தொடங்கியது. சுருக்கமாக அதை 'நேப்' என்பர். எந்தத் தனி மாணவருக்கும் இதில் மதிப்பெண் சான்றிதழ் வழங்கப்படுவதில்லை; எவரும் தேர்ச்சி பெறுவதோ தவறுவதோ இல்லை. மாதிரி முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் எழுதுவார்கள். முடிவுகள் குழுச் சராசரிகளாக மட்டுமே வெளிவரும். 0 முதல் 500 வரையிலான அளவில் மதிப்பெண் தரப்படும்.

இதில் இரு கிளைகள் உண்டு. ஒன்று, 9, 13, 17 வயதினருக்கான நீண்டகாலப் போக்கு மதிப்பீடு. தலைமுறைகளை ஒப்பிடும் வகையில் பெரிதும் மாறாமல் வைக்கப்பட்டது. மற்றொன்று, 4, 8, 12ஆம் வகுப்புகளுக்கான முதன்மை மதிப்பீடு. வாசிப்பில் இதன் வரிசை 1992இலிருந்து தொடர்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நேப் குறிப்பிடும் 'தேர்ச்சி நிலை' என்பது அவ்வகுப்புக்குரிய சராசரித் திறனைவிட உயர்ந்தது. அந்நிலையை எட்டாதவர் அனைவரும் படிக்கத் தெரியாதவர் என்று எழுதுவது பிழை. 'அடிப்படை நிலை'க்கும் கீழே இருப்பவர்களைப் பற்றியே நாம் முதலில் கவலைப்பட வேண்டும்.

சராசரி மறைக்கும் உண்மை

பதினேழு வயதினர் அனைவருக்குமான சராசரி 1971இல் 285, 2012இல் 287. நாற்பதாண்டுகளில் இரண்டே புள்ளிகள். இந்த ஒற்றை எண்ணைக் காட்டி, 'கோடிகோடியாகச் செலவிட்டும் பயனில்லை. அரசு தலையிட்டு எதுவும் மாறாது' என்று வாதிடுவோர் அங்கே ஏராளம்.

அதே தரவை இனவாரியாகப் பிரித்துப் பாருங்கள். வெள்ளையின மாணவர்கள் 291இலிருந்து 295க்கு உயர்ந்தார்கள். கறுப்பின மாணவர்கள் 239இலிருந்து 269க்கு, அதாவது 30 புள்ளிகள் உயர்ந்தார்கள். லத்தீன் அமெரிக்க வழியினர் 1975இல் முதன்முறையாகத் தனியே கணக்கிடப்பட்டபோது 252 பெற்றிருந்தார்கள்; 2012இல் அது 274. ஒவ்வொரு பிரிவும் உயர்ந்திருக்க, மொத்தச் சராசரி ஏன் நின்ற இடத்திலேயே நின்றது? தொடக்கத்தில் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்த பிரிவினரின் விகிதம் மாணவர் தொகையில் கூடியது. அதனால் பிரிவுகளின் உயர்வு மொத்தச் சராசரியில் தெரியாமல் போயிற்று.

ஆக, இனவாரித் தரவு வெளியிடப்படாவிட்டால், கறுப்பினப் பிள்ளைகள் நாற்பதாண்டுகளில் ஈட்டிய 30 புள்ளிகள் வரலாற்றிலிருந்தே அழிந்திருக்கும். 'எல்லோருக்கும் ஒரே எண் போதும், எதற்குப் பிரித்துப் பார்ப்பது' என்ற வாதத்தின் விளைவு இதுதான்.

பிறப்பா, ஏற்பாடா?

1994இல் வெளிவந்த 'தி பெல் கர்வ்' என்ற நூல், இனங்களுக்கிடையிலான மதிப்பெண் வேறுபாட்டில் பரம்பரைக்கும் பங்கு இருக்கலாம் என்ற பழைய கருத்துக்குப் புதிய புள்ளிவிவரச் சட்டை தைத்துக் கொடுத்தது. அவ்வாதத்துக்கு மறுமொழி முன்னரே அச்சாகியிருந்தது. 53 புள்ளி இடைவெளி பதினேழே ஆண்டுகளில் 20 ஆயிற்று. பதினேழு ஆண்டுகளில் எந்த மக்களின் மரபணுவும் மாறுவதில்லை. மாறியவை பள்ளியும் மருத்துவமனையும் சட்டமும். பதின்மூன்று வயதினரிடையே இதே காலத்தில் இடைவெளி 39இலிருந்து 18க்கு இறங்கியது. ஒன்பது வயதினரிடையே 1971இல் 44 ஆக இருந்தது 2012இல் 23 ஆயிற்று.

மாறியது என்ன? 1971இல் பதினேழு வயதில் தேர்வெழுதியவர்கள் ஏறத்தாழ 1954இல் பிறந்தவர்கள். கறுப்பு, வெள்ளை எனப் பள்ளிகளைப் பிரிப்பது அரசமைப்புக்கு முரண் என்று பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஆண்டு அது. எனினும் அவர்களில் தென் மாநிலத்தவர் தனித்த பள்ளிகளிலேயே தொடக்கக் கல்வியை முடித்தார்கள். தீர்ப்பு வந்து பத்தாண்டுகள் கழித்தும், 1964இல் தென் மாநிலக் கறுப்பின மாணவர்களில் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பள்ளிகளில் படித்தோர் 2.3 சதவீதமே. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், ஏழை மாணவர் பயிலும் பள்ளிகளுக்கு ஒன்றிய அரசின் நிதியை உறுதிசெய்த 1965ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 'உடனே செயல்படுத்துங்கள்' என்று வலியுறுத்திய 1968ஆம் ஆண்டின் கிரீன் வழக்குத் தீர்ப்பு, பேருந்துகள் மூலம் மாணவரைக் கலப்பதை ஏற்ற 1971ஆம் ஆண்டின் ஸ்வான் வழக்குத் தீர்ப்பு ஆகியவற்றுக்குப் பின்பே அவ்விகிதம் உயர்ந்தது. 1988இல் அது 43.5 சதவீதம். இடைவெளி மிகக் குறுகியிருந்ததும் அதே ஆண்டில்தான்.

இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததால் ஒன்று மற்றொன்றின் ஒரே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பெற்றோரின் கல்வி உயர்ந்தது. குடும்ப அளவு சிறுத்தது. தென் மாநில மருத்துவமனைகளில் இனப் பிரிவினை நீக்கப்பட்டதால் 1960களின் நடுப்பகுதிக்குப் பின் பிறந்த கறுப்பினக் குழந்தைகள் நல்ல தொடக்கம் பெற்றார்கள். அவர்களே 1980களில் உயர்ந்த மதிப்பெண் பெற்றார்கள் என்று பொருளியலாளர்கள் கென்னத் சே, ஜோனத்தன் குரியன், பாஷ்கர் மஜும்தார் ஆகியோர் ஆய்ந்து காட்டினர். பிரிவினை நீக்கப்பட்ட பள்ளிகளில் கூடுதல் ஆண்டுகள் பயின்ற கறுப்பினக் குழந்தைகள் பின்னாளில் கல்வியிலும் வருவாயிலும் உயர்ந்தார்கள், வெள்ளையினக் குழந்தைகளுக்கு அதனால் இழப்பு ஏதுமில்லை என்பது பொருளியலாளர் ரக்கர் ஜான்சனின் முடிவு. இவையனைத்தும் சொல்வது ஒன்றே: இடைவெளி ஓர் ஏற்பாடு. அதை மாற்றியபோது அது மாறியது.

நீதிமன்றம் பின்வாங்கிய கதை

ஏற்பாட்டை மாற்றிய அதே நீதிமன்றம்தான் அதைக் கைவிடவும் செய்தது. சட்டம் பயின்றவர்கள் மூன்று தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, 1973ஆம் ஆண்டின் சான் அன்டோனியோ எதிர் ராட்ரிகஸ் வழக்கு. டெக்சஸின் எட்ஜ்வுட் பள்ளி மாவட்டத்தில் படித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிக வழியினர். அங்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 356 டாலர் செலவிடப்பட்டது. அதே நகரின் வெள்ளையர் பெரும்பான்மையான அலமோ ஹைட்ஸ் மாவட்டத்தில் 594 டாலர். பள்ளிக்கான பணத்தில் ஒரு பகுதி அந்தந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருவதே இதற்குக் காரணம். ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம், கல்வி ஒன்றிய அரசமைப்பின்படி அடிப்படை உரிமை அன்று எனக் கூறி வழக்கைத் தள்ளியது.

இரண்டாவது, 1974ஆம் ஆண்டின் மில்லிகன் எதிர் பிராட்லி. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் குவிந்திருந்தார்கள். வெள்ளையினக் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்துகொண்டிருந்தன. புறநகரின் 53 பள்ளி மாவட்டங்களையும் சேர்த்தே பிரிவினையைச் சரிசெய்ய வேண்டும் என்றது கீழமை நீதிமன்றம். புறநகர்கள் தவறிழைத்ததாக நிறுவப்படாத நிலையில் அவற்றைச் சேர்க்க முடியாது என்று மீண்டும் ஐந்துக்கு நான்காக உச்ச நீதிமன்றம் மறுத்தது. பிரவுன் வழக்கில் கறுப்பினக் குழந்தைகளுக்காக வாதாடிய தர்குட் மார்ஷல் இந்த இரு வழக்குகளிலும் நீதிபதியாக அமர்ந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நகர எல்லைக் கோடு வண்ணக் கோடாக மாறியதை அந்நாட்டின் சட்டம் அன்றே ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, 1991ஆம் ஆண்டின் ஓக்லஹோமா நகர் எதிர் டவல். நீதிமன்ற ஆணைகளுக்கு இயன்றவரை கட்டுப்பட்டு நடந்த பள்ளி நிர்வாகங்கள் கண்காணிப்பிலிருந்து விடுபடலாம் என்றது தீர்ப்பு. அதன்பின் ஆணைகள் ஒவ்வொன்றாக விலக்கப்பட்டன. 1988இல் 43.5 சதவீதமாக இருந்த தென் மாநில விகிதம் 2011இல் 23.2 சதவீதமாக வீழ்ந்தது.

இதே காலத்தில் வருவாய் ஏற்றத்தாழ்வும் கூடியது. ஸ்டான்ஃபோர்டு சமூகவியலாளர் ஷான் ரியர்டன் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2001இல் பிறந்த குழந்தைகளில் பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிறந்தவர்களிடையே இருந்ததைவிட 30 முதல் 40 சதவீதம் பெரியது. 'அப்படியானால் இது வர்க்கப் பிரச்சினைதானே, இனத்தை ஏன் இழுக்க வேண்டும்' என்று கேட்பார்கள். ரியர்டனின் பிந்தைய ஆய்வுகளே அதற்கு விடை. இனப் பிரிவினை கறுப்பினக் குழந்தைகளை ஏழைகள் குவிந்த பள்ளிகளில் சேர்க்கிறது. அக்குவியலே இடைவெளியை வளர்க்கிறது. இனம் வர்க்கத்தின் வழியாகவே வேலை செய்கிறது. சாதியும் அப்படித்தான் என்பதைச் சேரியையும் ஊரையும் ஒருமுறை நடந்து பார்த்தவர் அறிவர்.

கீழே இருப்பவர்கள் இன்னும் கீழே

1992இல் தொடங்கிய முதன்மை மதிப்பீட்டின்படி, நான்காம் வகுப்பு வாசிப்பில் வெள்ளையின மாணவர்கள் 224, கறுப்பின மாணவர்கள் 192. 2019இல் முறையே 230, 204. முப்பதாண்டுக் காலத்தில் குறைந்த இடைவெளி ஓரிலக்கமே. அவ்வாண்டில் தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் வெள்ளையினத்தவரில் 45 சதவீதம், லத்தீன் அமெரிக்க வழியினரில் 23 சதவீதம், கறுப்பினத்தவரில் 18 சதவீதம்.

பெருந்தொற்றுக்குப் பின் எல்லாப் பிரிவுகளும் இறங்கின. 2020க்கும் 2022க்கும் இடையே ஒன்பது வயதினரின் சராசரி 5 புள்ளிகள் குறைந்தது. ஆனால் இழப்பு எல்லோருக்கும் சமமாக விழவில்லை. மேல்நிலையில் இருந்தோர் 2 புள்ளிகளே இழந்தார்கள்; அடிநிலையில் இருந்தோர் 10 புள்ளிகள் இழந்தார்கள். 2024இல் நான்காம் வகுப்பு மாணவர்களில் 40 சதவீதத்தினர் அடிப்படை நிலைக்கும் கீழே. எட்டாம் வகுப்பில் 33 சதவீதத்தினர், அது அத்தேர்வின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த அளவு. பன்னிரண்டாம் வகுப்பின் வாசிப்புச் சராசரி 1992க்குப் பின் மிகத் தாழ்ந்தது. இப்படியொரு வீழ்ச்சி நிகழும் வேளையில்தான் அளக்கும் கை வெட்டப்பட்டது.

மாற்று வழி இல்லாமலில்லை. நாட்டின் மிக ஏழை மாநிலங்களுள் ஒன்றும் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்வதுமான மிசிசிப்பி, 2013இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் 209 பெற்றுக் கடைசி வரிசையில் நின்றது. அவ்வாண்டு இயற்றிய சட்டத்தின் வழியே பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பியது. எழுத்தொலிகளை முறையாகக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்கியது. முன்பருவக் கல்விக்கும் நிதி ஒதுக்கியது. 2019இல் 219 பெற்று நாட்டின் சராசரியை எட்டியது. 2024இலும் அதைத் தக்கவைத்து, வீழ்ந்துகொண்டிருந்த நாட்டின் சராசரியைத் தாண்டியது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாசிக்க இயலாத மூன்றாம் வகுப்புக் குழந்தையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதும் அச்சட்டத்தின் பகுதி. அந்தச் சுமை ஏழைக் குழந்தைகள் மீதே கூடுதலாக விழுகிறது. எட்டாம் வகுப்பில் இதற்கு இணையான உயர்வும் தென்படவில்லை. ஆயினும், ஏழை மாநிலத்தின் ஏழைக் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்பிக்க முடியும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. முடியாது என்போர் இனி வேறு சாக்கைத் தேட வேண்டும்.

இருபத்தாறு நாள் வாழ்ந்த உரிமை

டெட்ராய்ட் மாணவர்கள் 2016இல் மீண்டும் நீதிமன்றம் சென்றார்கள். ஆசிரியரில்லாத வகுப்புகள், கிழிந்த பழைய பாடநூல்கள், எலிகள் ஓடும் கட்டடங்கள் என்று தங்கள் பள்ளிகளை மனுவில் விவரித்தார்கள். வாக்களிக்கவும் சட்டத்தை அறியவும் வாசிப்பு இன்றியமையாதது. ஆகவே அடிப்படை எழுத்தறிவு பெறுவது அரசமைப்பு உரிமை என்பது அவர்களின் வாதம். கேரி பி. எதிர் விட்மர் எனும் அவ்வழக்கில் ஆறாவது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, 2020 ஏப்ரல் 23 அன்று இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அவ்வுரிமையை ஏற்றது. மே 19 அன்று, முழு அமர்வு வழக்கை மீண்டும் கேட்பதாக முடிவெடுத்ததால், அத்தீர்ப்பு செல்லாததாயிற்று. அதற்குள் மாநில ஆளுநரோடு உடன்பாடு கையொப்பமாகியிருந்தது. டெட்ராய்ட் பள்ளிகளின் எழுத்தறிவுப் பணிக்கு 9.44 கோடி டாலர் ஒதுக்கச் சட்டம் கொணர்வதாக அவர் உறுதியளித்தார். 2023இல் அத்தொகை ஒதுக்கப்பட்டது. குழந்தைகளுக்குப் பணம் கிடைத்தது. ஆனால் முன்னுதாரணமாக நிற்க ஒரு தீர்ப்பு எஞ்சவில்லை.

நம்மிடம் உரிமை உண்டு; அளவுகோல் எங்கே?

இந்தியாவின் நிலை இதற்கு நேர்மாறானது. அமெரிக்க ஒன்றிய அரசமைப்பில் இல்லாத கல்வி உரிமை நம் அரசமைப்பின் 21ஏ பிரிவில் எழுதப்பட்டிருக்கிறது. தரமான தொடக்கக் கல்வியை உறுதிசெய்வது அரசின் கடமை என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு. நலிந்த, ஒடுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு ஆளாகாமல் கல்வியை முடிக்கச் செய்வதும் அப்பிரிவின்படி அரசின் கடமை. ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் பயிற்சி அளிக்க வேண்டும் என்று ஆசிரியரைப் பணிக்கிறது 24(1)(டி). உரிமை ஏட்டில் முழுமையாக இருக்கிறது. அது தலித் குழந்தைக்குக் கிடைத்ததா என்று ஆண்டுதோறும் சொல்லும் அளவுகோல் இல்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எழுத்தறிவைச் சாதிவாரியாகத் தருகிறது. பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 1961இல் 10.27 சதவீதம், 2011இல் 66.1 சதவீதம், அப்போது மொத்த மக்களின் அளவு 73. தமிழ்நாட்டில் 73.3க்கு எதிரே 80.1. ஆனால் கணக்கெடுப்பாளர் எவரையும் வாசித்துக் காட்டச் சொல்வதில்லை, கேட்டதைக் குறித்துக்கொள்கிறார். உண்மையில் வாசிக்கச் செய்து பார்க்கும் ஏசர் ஆய்வு 2005 முதல் நடைபெறுகிறது. அரசுப் பள்ளியின் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 2022இல் 16.3 சதவீதமாக வீழ்ந்து 2024இல் 23.4 சதவீதமாக உயர்ந்ததை நாம் அறிவது அதனால்தான். ஆனால் அதன் ஆண்டறிக்கைகளில் சாதிவாரி அட்டவணை இல்லை. ஒன்றிய அரசின் தேசிய அடைவுத் தேர்வு 2017, 2021 அறிக்கைகளில் சமூகப் பிரிவுவாரிச் சராசரிகளைத் தந்தது. எனினும் தலைமுறைகளை ஒப்பிடத்தக்க நீண்ட வரிசையாக அது வளரவில்லை. நமது 53 எது, நமது 20 எது என்று சொல்ல நம்மிடம் எண் இல்லை.

இதன் விளைவை நான் வழக்கறிஞராக நேரில் காண்கிறேன். வன்கொடுமை வழக்கொன்றில் புகார்தாரரான இளைஞர் பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர். காவல் நிலையத்தில் பதிவான தமது வாக்குமூலத்தின் படியை என்னிடம் நீட்டி, 'சார், இதுல நான் சொன்னதுதான் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க' என்றார். நீங்களே படித்துப் பாருங்கள் என்றேன். முதல் இரண்டு வரிகளுக்கு மேல் அவரால் நகர முடியவில்லை. அவர் கூறிய சாதிப் பெயரும் வசைச் சொல்லும் அந்தத் தாளில் விடுபட்டிருந்தன. அவர் கையொப்பம் மட்டும் தெளிவாக இருந்தது. கணக்கெடுப்பில் அவர் எழுத்தறிவு பெற்றவர். பள்ளிப் பதிவேட்டில் தேர்ச்சி பெற்றவர். அவரை இழந்தது எந்த வகுப்பில் என்பதைச் சொல்லும் பதிவு எதுவும் இல்லை.

கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாகக் கணக்கெடுக்கக்கூடத் தேவையில்லை. கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பான எமிஸில் ஒவ்வொரு மாணவரின் சமூகப் பிரிவும் பதிவாகியிருக்கிறது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புக் குழந்தைகளின் வாசிப்பு நிலையை மதிப்பிடுகிறது. 2025இல் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவிலான கற்றல் அடைவுத் தேர்வும் நடந்தது. ஒரு கையில் சமூகப் பிரிவு, மறு கையில் வாசிப்பு நிலை. இரண்டையும் இணைத்து வெளியிடுவது கொள்கை முடிவு மட்டுமே.

முதலாவதாக, பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிரிவுகள் வாரியாகவும், அவற்றுள் பெண் குழந்தைகளுக்குத் தனியாகவும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தனியாகவும் வாசிப்பு முடிவுகளை மாவட்ட அளவில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தேர்வை அடிக்கடி மாற்றினால் ஒப்பீடு சாகும். ஆகவே ஒரு பகுதியேனும் மாறாதிருக்க வேண்டும்.

இரண்டாவதாக, எண்கள் குழு அளவில் மட்டும் வெளிவர வேண்டும். எந்தக் குழந்தையின் சாதியும் வகுப்பறையில் ஒலிக்கக் கூடாது. உத்தரப் பிரதேசத்தில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே நடத்திய ஆய்வில், சாதி அறிவிக்கப்படாதபோது மற்றவருக்கு இணையாகப் புதிர்களை விடுவித்த தலித் சிறுவர்கள், சாதி அனைவர் முன்னும் அறிவிக்கப்பட்டதும் பின்தங்கினார்கள். நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் அளித்த அறிக்கையின் கவலையும் இதுவே. அளவீடு அரசை அடையாளம் காட்ட வேண்டும், குழந்தையை அன்று.

மூன்றாவதாக, இந்த அளவீடு சட்டத்தின் பாதுகாப்பில் நடைபெற வேண்டும். அமெரிக்காவில் பதினேழு வயதினரின் வரிசை ஓர் உத்தரவில் அறுந்ததைக் கண்டோம். ஆட்சி மாறினாலும் அமைச்சர் மாறினாலும் நிறுத்த முடியாததாக அது இருக்க வேண்டும்.

நான்காவது, கல்லூரி மாணவர்களே செய்யக்கூடியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ், உங்கள் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். சென்ற ஆண்டு மதிப்பீட்டில் மூன்றாம் வகுப்பில் வாசிக்க இயன்ற, இயலாத குழந்தைகளின் எண்ணிக்கையைச் சமூகப் பிரிவுவாரியாகக் கேளுங்கள். 'அவ்வாறு தொகுக்கப்படவில்லை' என்று பதில் வந்தால், அந்தப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். 8ஆம் பிரிவின் கடமையை அரசு எவ்வாறு நிறைவேற்றுகிறது என்று உயர் நீதிமன்றத்தில் கேட்கும் நாளில், முதல் ஆவணமாக இணைக்க வேண்டியது அதுதான்.